4 வாரத்தில் 100 கிலோமீட்டருக்குத் தயாராக முடியுமா?

கேள்வி: குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்டும் 100 கிலோமீட்டர் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நண்பர்கள் பணமும் கட்டிவிட்டார்கள். இன்னும் 4 வாரம்தான் இருக்கிறது. இதுவரை ஒரே மூச்சில் 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதில்லை. வயது 41. விலகிவிடலாமா?

பதில்: விலக வேண்டாம். இது பந்தயம் இல்லை. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஐந்தரை மணி நேர மிதிப்பு. நின்று இளைப்பாறுவதையும் சேர்த்தால் ஒரு பகல் பொழுது. ஆனால் ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால், முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

வார நாட்களில் இரண்டு முறை முக்கால் மணி நேரம் ஓட்டினால் போதும். வார இறுதிகளில் 30, 45, 60 என்று தூரத்தைக் கூட்டுங்கள். கடைசி வாரம் சும்மா கால் அசைக்கிற அளவுக்கு மட்டும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று அந்த வாரத்தில் நீளமாக ஓட்டினால் களைப்புதான் மிஞ்சும்.

உள்ளபடி சொன்னால், 4 வாரத்தில் கால் வலு ஓரளவுதான் ஏறும். ஆனால் பாதியில் இறங்குகிறவர்கள் பலரை இறக்கிவிடுவது கால் இல்லை. உட்காரும் இடமும் முட்டியும் காலி வயிறும்தான். இந்த மூன்றையும் இப்போதே சரிசெய்யலாம்.

சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். சீட் தாழ்வாக இருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். பேடு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் ஒன்று வாங்குங்கள். அதற்குள்ளே உள்ளாடை போடக் கூடாது, தையல் உரசித் தோல் புண்ணாகிவிடும். இதைக் கூச்சப்பட்டுப் பலரும் சொல்வதில்லை. புது ஷார்ட்ஸை நிகழ்ச்சியன்று முதல்முறையாகப் போடாமல், 60 கிலோமீட்டர் ஓட்டும் நாளிலேயே போட்டுப் பழகுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் பசிக்காகக் காத்திருக்காதீர்கள். பசி தெரிவதற்குள் உடம்பில் சேர்ந்திருந்த சர்க்கரை வெகுவாகக் குறைந்திருக்கும். அதன்பிறகு காலை எடுத்து வைக்கவே முடியாது. முதல் மணி நேரத்திலேயே ஆரம்பித்து, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. தாகத்துக்குத் தகுந்தபடி குடியுங்கள். நன்றாக வியர்க்கும் நாளில் வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். அதனால் ஒரு பாட்டிலிலாவது உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் இருக்கட்டும்.

புறப்படும்போது கூட்டத்தின் உற்சாகம் உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். போகாதீர்கள். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். கனமான கியரில் முக்காமல், லேசான கியரில் கால் சுறுசுறுப்பாகச் சுழலட்டும். கை மரத்துப்போகாமல் இருக்க ஹேண்டில்பாரில் பிடியை அடிக்கடி மாற்றுங்கள். மாற்று டியூப், பம்ப் இரண்டும் கூடவே இருக்கட்டும். டியூப் மாற்றுவதை வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள்.

நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள வண்டி வருமா, எந்த எண்ணில் அழைப்பது என்று ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அதில் ஏறுவதற்குத் தயங்க வேண்டாம். உங்கள் நண்பர்கள் பணம் கொடுத்தது அந்தக் குழந்தைகளுக்காக. நீங்கள் 70ஆவது கிலோமீட்டரில் இறங்கினாலும் அது அவர்களுக்குத்தான் போய்ச் சேரும்.