ஈயக்குண்டு – கடிதமும் பதிலும்

சார், வணக்கம். காட்டு விலங்குகளோட உடம்புல கனஉலோகங்கள் சேர்றதைப் பத்தி கொஞ்ச நாளா படிச்சிட்டிருக்கேன். பாதரசம், ஈயம், காட்மியம் – இதுல எது ரொம்ப மோசம்? இன்னொரு சந்தேகம், காட்டுல வாழ்றதுக்கு இயற்கையாவே தாங்குற சக்தி இருக்குமே, நாலஞ்சு தலைமுறைல பழகிடாதா? லீவு நாள்ல தூண்டில் போடுற ஆளு நான், தண்ணியோரமே உக்காந்திருக்கறதால இதெல்லாம் தோணுது.

– ஆர்.

அன்புள்ள ஆர்.,

ரெண்டு வாரமா நானும் இதையேதான் நெனச்சிட்டிருந்தேன், கரெக்டா உங்க மெயில் வந்து நிக்குது. எது மோசம்ங்கறதுக்கு ஒத்தை வரில பதில் கிடையாது. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாதரசம் நரம்பைப் பிடிக்கும், சின்ன மீன்லேர்ந்து பெரிய மீனு, அதுலேர்ந்து பறவைன்னு போகப் போக ஏறிக்கிட்டே இருக்கும், இதெல்லாம் தேடினா கிடைக்கும், விடுங்க. என்னைக் குத்தினது அந்த 'பழகிடாதா'தான்.

நல்ல மனசோட கேட்டிருக்கீங்க, தெரியுது. ஆனா இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. கலிபோர்னியா காண்டர்னு ஒரு பிணந்தின்னிக் கழுகு, 1982ல உலகத்துலயே 22தான் மிச்சம். வேட்டைக்காரன் மானைச் சுட்டு குடலை அங்கயே கழிச்சுப் போட்டுட்டுப் போயிடுவான், ஈயத் தோட்டா அதுக்குள்ள பொடிப்பொடியா செதறியிருக்கும், அதைத் தின்னு இன்னைக்கும் சாகுது. ஆறேழு வயசாகாம முட்டையே போடாது, போட்டாலும் ஒண்ணே ஒண்ணு, பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா. இது எந்தத் தலைமுறைல பழகறது? பிடிச்சு ரத்தம் எடுத்துப் பாத்து, ஈயம் ஏறியிருந்தா மருந்து குடுத்து திரும்ப விடறாங்க, அப்படித்தான் ஓடுது அதுங்க வண்டி.

நியாயமா ஒண்ணு ஒத்துக்கணும், சீல், திமிங்கலம் மாதிரி சிலது பாதரசத்தை செலினியத்தோட சேத்து கல்லீரல்ல கட்டிப்போட்டு வெச்சுக்கும். சரி, இருக்கட்டும். அதை வெச்சு ஈயத்தைத் தின்ன பறவைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட முடியாது.

தூண்டில்னு சொன்னீங்கல்ல. நானும் போட்டவன்தான். தூண்டில் தண்ணில முங்கறதுக்குப் போடுற ஈயக்குண்டுல ஒரு கீறல் இருக்கும், அதுல தூண்டில் நரம்பை நுழைச்சு பல்லால கடிச்சு இறுக்குவோம், மெழுகு மாதிரி அமுங்கும், பல்லு பதிஞ்ச தடம் அப்படியே தெரியும். அடில எங்கயாவது சிக்கிட்டா ஒரே இழு, அறுந்துடும், பாக்கெட்லேர்ந்து இன்னொண்ணை எடுத்துக் கடிப்போம், அறுந்தது எங்க போச்சுன்னு ஒருநாள்கூட நான் யோசிச்சதில்ல.

எங்க போகும்? அன்னத்தோட வயித்துக்கும் போகும். அதுக்குப் பல்லு கிடையாது, பொடிக்கல்லை முழுங்கி அரைவைப்பைல வெச்சுத்தான் தீனியை அரைக்கும். அடி மண்ணைக் கிளறுறப்ப கல்லோட கல்லா குண்டும் உள்ள போயிடும். அங்க அரைபடும், அமிலத்துல கரையும், ரத்தத்துல ஏறும். கழுத்து நிமிராது, அடிப்பக்கமா மடிஞ்சு முதுகு மேல சாஞ்சுக்கிடும். தீனியைக் கீழ தள்ளுற தசை செயலிழந்துடும், தின்னது இறங்காது, தொண்டைவரைக்கும் தீனி அடைச்சிருக்க எலும்பும் தோலுமா பட்டினில சாகும் சார் அது. இதுல பழகறதுக்கு என்ன இருக்கு, சொல்லுங்க?

1987ல பிரிட்டன்ல இந்தச் சின்ன ஈயக்குண்டுகளை விக்கக்கூடாதுன்னு தடை வந்துச்சு, அதுக்கப்புறம் அன்னங்க எண்ணிக்கை ஏறுச்சு. தூண்டில்காரங்க வேற உலோகத்துக்கு மாறினாங்க, முதல்ல முணுமுணுத்தாங்க, அப்புறம் பழகிடுச்சு. பழகவேண்டிய ஆளு யாருன்னு இப்பவாவது தெரியுதா?

கத்திட்டேன், மன்னிச்சுக்கோங்க. உங்களைத் திட்டுற சாக்குல என்னையும்தான் திட்டிக்கறேன். ஈயம் மக்காது. நான் அறுத்துவிட்ட குண்டுங்க இந்நேரம் சேத்துக்குள்ள என் பல்லுத் தடத்தோட கெடக்கும், இல்ல எதாவது ஒரு பறவை முழுங்கியிருக்கும். உங்க தூண்டில் பெட்டில எந்தக் குண்டு இருக்குன்னு பாத்துட்டு எழுதுங்க, காட்மியத்தைப் பத்தி அப்பப் பேசலாம்.