ஐந்து டாலர் கூலி யாருக்கு லாபம்? அமெரிக்க ஆலை நகரங்கள் பற்றிக் கேள்வி பதில்

கே: ஐயா, சின்ன ஊராக இருந்த சிகாகோ ஐம்பதே வருஷத்தில் எப்படி அவ்வளவு பெருத்தது?

ப: ரயில், அப்புறம் பன்றி. 1840-இல் 4,500 பேர்கூட இல்லை. 1890-இல் பத்து லட்சத்துக்கு மேல். ரயில் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து 1865-இல் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற பிரம்மாண்டமான கால்நடைச் சந்தையைத் திறந்தன. அதைச் சுற்றி இறைச்சி ஆலைகள் முளைத்தன.

அங்கே வேலை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். பன்றியின் பின்னங்காலில் சங்கிலி மாட்டி, தலைக்கு மேல் ஓடும் தண்டவாளத்தில் தொங்கவிடுவார்கள். பன்றி நகர்ந்து வரும். ஆள் நின்ற இடத்திலேயே நிற்பான். ஒருவன் கழுத்தை அறுப்பான், அடுத்தவன் வயிற்றைக் கீறுவான், அதற்கடுத்தவன் குடலை உருவுவான். நாள் முழுக்க அவனவனுக்கு அந்த ஒரே வெட்டு. முழு மிருகத்தையும் கூறுபோடத் தெரிந்த கசாப்புக்காரருக்கு மதிப்பு போயிற்று. நேற்று வந்திறங்கிய போலந்துக்காரருக்கோ லிதுவேனியாக்காரருக்கோ சீக்கிரமே கற்றுக்கொடுத்துவிடலாம், பாஷைகூட வேண்டாம். முரண்டு பிடித்தால் வாசலில் வேறு ஆள் தயார். குடியேறிகள் ஏன் அடிமாட்டுக் கூலிக்கு ஒத்துக்கொண்டார்கள் என்று கேட்ட இன்னொருவருக்கும் இதுதான் பதில்.

கே: கார் கம்பெனி முதலாளி ஹென்றி ஃபோர்டு 1914-இல் நாளுக்கு 5 டாலர் கொடுத்தாரே, தங்கமான முதலாளி இல்லையா?

ப: சோழியன் குடுமி சும்மா ஆடுமா? சிகாகோ இறைச்சி ஆலைகளின் அந்தத் தொங்கு வரிசையிலிருந்துதான் யோசனை வந்தது என்று ஃபோர்டே எழுதியிருக்கிறார். 1913-இல் அவருடைய ஹைலண்ட் பார்க் கார் ஆலையில் நகரும் வரிசை வந்தது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) பூட்டும் வேலை சில மாதங்களில் சுமார் ஒன்றரை மணி நேரமாயிற்று. ஆட்களுக்குத்தான் தாங்கவில்லை. ஏறக்குறைய 14,000 பேர் வேலை பார்த்த ஆலைக்கு அந்த ஒரு வருஷத்தில் 50,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. ஓடுகிறவர்களைப் பிடித்துவைக்கத்தான் 5 டாலர். அதிலும் ஏறக்குறைய பாதி ‘லாபப் பங்கு’. கம்பெனி ஆள் வீடு தேடி வந்து, குடிக்கிறாயா, சேமிக்கிறாயா என்று விசாரித்துத் திருப்திப்பட்டால்தான் கைக்கு வரும்.

கம்பெனி நடத்திய ஆங்கில வகுப்பின் பட்டமளிப்பு இன்னும் வேடிக்கை. மேடையில் ராட்சத அண்டா. சொந்த நாட்டு உடையில் தொழிலாளிகள் அதற்குள் இறங்குவார்கள். கோட்டுப் போட்டு, அமெரிக்கக் கொடியை ஆட்டிக்கொண்டு மறுபக்கம் ஏறி வருவார்கள்.

கே: குடியேற வந்தவர்களைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில், அதிகாரிகள் அவர்களின் பேரை மாற்றிவிட்டார்களாமே?

ப: கட்டுக்கதை. கப்பல் கம்பெனி கொண்டுவந்த பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள், மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். பேரைச் சுருக்கிக்கொண்டது பெரும்பாலும் பிற்பாடு, அவரவரே.

கே: நியூயார்க் டிரையாங்கிள் தீ விபத்தில் கதவைப் பூட்டியது ஏன்?

ப: திருட்டு பயம். 1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடிகிற நேரம். பெண்களுக்கான பிளவுஸ் தைக்கும் கம்பெனி. கட்டடத்தின் 8, 9, 10-ஆம் மாடிகள். தைத்தவர்களில் பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடும்பத்து இளம்பெண்கள். வீட்டுக்குப் போகும்போது கைப்பையைச் சோதிக்க வசதியாக ஒரு வழியை மட்டும் திறந்துவைப்பது வழக்கம். ஒன்பதாம் மாடியில் மற்றப் படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. செத்தவர்கள் 146 பேர். திருட்டுப்போன துணியின் மதிப்பு என்ன என்று கோர்ட்டில் கேட்டபோது, 25 டாலரைத் தாண்டாது என்று முதலாளி ஒருவரே ஒத்துக்கொண்டார். இரண்டு முதலாளிகளும் விடுதலை ஆனார்கள். நியூயார்க் மாநிலம் தொழிற்சாலைச் சட்டங்களை வரிசையாக மாற்றியது இதற்கப்புறம்தான்.

கே: மே தினம் அங்கே பிறந்தும் அங்கே லீவு இல்லையே?

ப: 1886 மே மாதம், எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராட்டம், சிகாகோ ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு, மறுவருஷம் தொழிலாளர் இயக்கத்தார் நான்கு பேருக்குத் தூக்கு. அந்த நினைவு அரசுக்குப் பிடிக்கவில்லை. 1894-இல் அதற்குப் பதிலாகச் செப்டம்பரில் தொழிலாளர் தின விடுமுறையைச் சட்டமாக்கினார்கள். சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியது தெரிந்திருக்கும்.

கே: அண்ணா, அடுத்த மாதம் அமெரிக்கா போகிறேன். பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

ப: சிகாகோ கால்நடைச் சந்தையான யார்ட்ஸை 1971-இல் மூடிவிட்டார்கள். கல்லால் ஆன நுழைவாயில் மட்டும் நிற்கிறது. வளைவுக்கு மேலே ஒரு மாட்டுத் தலை இருக்கும், பாருங்கள். டிரையாங்கிள் கட்டடம் இப்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வசம். தெருவில் நின்று ஒன்பதாம் மாடியை எண்ணிப் பார்க்கலாம்.