கையை ஊன்றி விழுந்தேன், விரல் மடங்கவில்லை: கை அறுவை சிகிச்சை நிபுணரின் பதில்கள்

பைக் சறுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டேன். அன்றே எக்ஸ்ரே பார்த்து, 'எலும்பு முறியவில்லை, வெறும் சுளுக்குத்தான்' என்றார்கள். மூன்று வாரம் ஆகியும் கட்டைவிரலுக்குக் கீழே வலி போகவில்லை. ஆக்ஸிலேட்டரைத் திருக முடியவில்லை. வயது 23. – வாசகர், திண்டுக்கல்

தம்பி, இந்த வாரமே மறுபடியும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

முன்கை எலும்புகளுக்கும் உள்ளங்கை எலும்புகளுக்கும் நடுவே எட்டுச் சிறு எலும்புகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. கட்டைவிரல் பக்கம், முந்திரிப்பருப்பு மாதிரி வளைந்து, இரண்டு வரிசையையும் இணைத்து நிற்பது ஸ்கேஃபாய்டு. இந்த எட்டில் அதிகம் முறிவது இதுதான். அதுவும் பெரும்பாலும் உங்கள் வயதுப் பையன்களுக்கு, இதே மாதிரி கையை ஊன்றி விழும்போது.

கட்டைவிரலை நன்றாக விரித்து மேலே தூக்குங்கள். அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம், கயிறு போல இரண்டு புடைத்து நடுவே ஒரு குழி விழும். அந்தக் குழியை மறு கை விரலால் அழுத்துங்கள். நல்ல கையிலும் அதே இடத்தை அதே அளவு அழுத்திப் பாருங்கள். அங்கே எல்லோருக்குமே கொஞ்சம் வலிக்கும். அடிபட்ட கையில் மட்டும் சுரீரென்று இழுத்தால், முறிவு இல்லை என்று நிரூபணமாகும்வரை அதை முறிவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் படத்தில் தெரியாதது மருத்துவரின் தவறு அல்ல. முடியளவு விரிசல், எலும்பு இம்மியும் விலகியிருக்காது. 10 முதல் 14 நாள் கழிந்து விரிசலின் ஓரம் சற்றுக் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் கோடு விழும். அப்போதும் சந்தேகம் என்றால் எம்ஆர்ஐ காட்டிக்கொடுத்துவிடும்.

நான் இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம், அந்த எலும்புக்கு ரத்தம் போகும் விதம். ரத்தக்குழாய் விரல் பக்க முனை வழியாக நுழைந்து முன்கைப் பக்கம் திரும்பி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு ரத்தம் நின்றுபோகலாம். அப்புறம் எலும்பு கூடாது, துண்டு செத்துப்போகவும் கூடும். ஆண்டுகள் போனால் மணிக்கட்டு முழுவதுமே தேயும். முப்பது, முப்பத்தைந்து வயதில் மணிக்கட்டு இறுகிப்போய் வருகிறவர்களிடம் விசாரித்தால், பழைய 'சுளுக்கு' ஒன்றைச் சொல்வார்கள்.

விலகாத முறிவென்றால் 8 முதல் 12 வாரம் மாவுக்கட்டு. விலகியிருந்தாலோ, துண்டு முன்கைப் பக்க ஓரத்தில் இருந்தாலோ சிறிய ஸ்க்ரூ போட வேண்டிவரும். சிகரெட் பிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்துங்கள். அது எலும்பு கூடுவதைக் கெடுக்கும்.

அம்மாவுக்கு 64 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. விரல்கள் வீங்கியிருக்கின்றன. 'அசைத்தால் எலும்பு விலகிவிடும்' என்று சித்தி சொல்வதால் அம்மா கையை அப்படியே மடியில் வைத்திருக்கிறார். கட்டைப் பிரித்துவிட்டு நாட்டுக்கட்டு போடலாம் என்றும் வீட்டில் பேச்சு. – வாசகி, விருதுநகர்

கட்டைப் பிரிக்காதீர்கள். விரலை அசைக்காமலும் இருக்க விடாதீர்கள்.

முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஆர எலும்பின் மணிக்கட்டு முனை முறிந்து, கை முள்கரண்டி போல் பின்பக்கம் வளைந்து நிற்கும் இந்த முறிவை டப்ளின் நகரத்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-லேயே விவரித்துவிட்டார். எக்ஸ்ரே வந்ததோ 1895-ல். இவ்வளவு பழகிய முறிவில் எலும்பு கூடுவது பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை. கூடிய பிறகு விரல் மடங்காமல் போவதுதான் பிரச்சினை. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்கும்போது எலும்பு நேராக இருக்கும். சோற்றைப் பிசைய விரல் வராது.

விரலுக்குள் அதை மடக்குகிற தசை எதுவும் இல்லை. தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. நீண்ட தசைநாண்கள் அங்கிருந்து விரலை இழுக்கின்றன. விரலை மடக்கி நீட்டும்போது அந்தத் தசைகள் பிழிந்து, தேங்கிய நீரை மேலே ஏற்றிவிடும். சரியாகப் போட்ட கட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதால் எலும்பு விலகாது. இன்னொன்று: விரலின் அடிமூட்டு நேராக இருக்கையில் அதன் இரு பக்க மூட்டுநார்களும் தளர்ந்திருக்கும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் தளர்ந்த நிலையிலேயே சுருங்கிவிடும். அப்புறம் மடக்கப் பார்த்தால் மூட்டு வராது.

ஆகவே மணிக்கொரு தரம், பத்துத் தடவை, விரல்களை முழுக்க மடக்கி முழுக்க நீட்டச் சொல்லுங்கள். நுனியை மட்டும் ஆட்டுவது போதாது. படுக்கும்போது கைக்குக் கீழே தலையணை வைத்து நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். முழங்கையையும் தோளையும் மறக்காதீர்கள். கையைத் தொட்டில் கட்டி மாட்டிக்கொண்டே இருந்து தோளும் இறுகியவர்கள் நிறையப் பேர். மோதிரம், வளையல் எதுவும் கையில் இருக்கக் கூடாது. கழற்ற வராவிட்டால் மருத்துவமனையில் அறுத்து எடுத்துவிடுவார்கள்.

விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ போனால், மரத்துப்போனால், மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறினால், மற்றவர் விரலை நீட்டிவிடும்போது உயிர் போகிற மாதிரி வலித்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். கட்டு இறுக்கிப் பிடிக்கிறது. ராத்திரியே போய்த் தளர்த்தியாக வேண்டும். நாட்டுக்கட்டை நான் வேண்டாம் என்பது இதற்காகத்தான். மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டி, ரத்த ஓட்டம் நின்று, முன்கைத் தசையே செத்துச் சுருங்கிய கைகளை என் புறநோயாளிப் பிரிவில் பார்த்திருக்கிறேன். அதில் பிள்ளைகளின் கைகளும் உண்டு. செத்த தசையை எந்த அறுவை சிகிச்சையும் பழையபடி ஆக்காது.

கட்டுப் பிரித்ததும் அம்மாவுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்யுங்கள், வைட்டமின் டி அளவும் பாருங்கள். நின்ற இடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைகிறதென்றால் எலும்பு மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். இதை இப்போது கவனித்தால் இடுப்பெலும்பு முறிவைத் தடுக்கலாம்.

கிரிக்கெட் பந்து விரல் நுனியில் பட்டது. நடுவிரலின் கடைசி மூட்டு தொங்கிப்போய்விட்டது. சுளுக்கு எடுக்கிறவர் தைலம் போட்டு நீவிவிட்டார், நிமிரவில்லை. – வாசகர், தஞ்சாவூர்

இது சுளுக்கு அல்ல. நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கிறது, அல்லது எலும்புத் துணுக்கோடு பிய்ந்து வந்திருக்கிறது. நீவுவதை இன்றோடு விடுங்கள். எலும்புத் துணுக்கு உண்டா என்று எக்ஸ்ரேயில் பார்த்துவிடுங்கள்.

பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. நுனி மூட்டை மட்டும் நேராகப் பிடிக்கும் சிறு பிளாஸ்டிக் உறை போதும். நடு மூட்டு தாராளமாக மடங்கட்டும். ஆனால் 6 முதல் 8 வாரம், இரவு பகலாக, குளிக்கும்போதும் அது இருக்க வேண்டும். உறையைக் கழற்றி விரலைத் துடைக்கும்போது நுனியை மேசைமேல் நேராக வைத்தபடியே துடையுங்கள். ஐந்தாவது வாரத்தில் 'சரியாகிவிட்டதா பார்ப்போம்' என்று ஒரே ஒரு தடவை மடக்கினாலும், கூடிவந்த இடம் பிரிந்துபோகும். கணக்கை முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

குழந்தைக்கு நான்கு மாதம். தூக்கும்போதெல்லாம் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வெட்டி இழுக்கிறது. 'பிள்ளை பெற்ற உடம்பு, வாயு' என்கிறார் மாமியார். – வாசகி, ஈரோடு

வாயு இல்லை அம்மா. கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துப்போயிருக்கிறது. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். மருத்துவத்தில் டி கெர்வான் நோய் என்பார்கள்.

கட்டைவிரலை விரித்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதுதான் அதை உரசுகிறது. உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கையைக் குழந்தையின் பிட்டத்துக்கு அடியிலும் மறு கையை முதுகுக்கு அடியிலும் கொடுத்து, முழங்கையை மடக்கி அள்ளித் தூக்குங்கள். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையை சில வாரம் போடுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி நன்றாகவே கேட்கும். பால் கொடுக்கிறவர்களுக்கும் போடலாம். முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதுவரை வீட்டில் மற்றவர்களும் குழந்தையைத் தூக்கட்டும்.

விரலில் சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வருமா? – மாணவி, திருநெல்வேலி

வராது. மூட்டு நீரில் வாயுக்குமிழியால் எழும் சத்தம்தான் அது. அமெரிக்க மருத்துவர் டொனால்டு அங்கர் அறுபது ஆண்டுகளாக ஒரு கையில் மட்டும் சொடக்கெடுத்துப் பார்த்தார். இரண்டு கையிலுமே மூட்டுவாதம் வரவில்லை. சொடக்கோடு வலியோ வீக்கமோ இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது ஆள்காட்டி விரலின் உள்பக்கம் வெட்டிவிட்டது. தையல் போட்டு ஒன்பது நாள் ஆகிறது. புண் ஆறிவிட்டது, ஆனால் விரல் நுனி மடங்கவில்லை. விரலின் ஒரு பக்கம் மரத்திருக்கிறது. – வாசகி, நாகப்பட்டினம்

மேல்தோல் ஆறியிருக்கிறது, உள்ளே தசைநாணும், கூடவே தொடு உணர்ச்சி தரும் நரம்பும் அறுந்திருக்கின்றன என்றே நினைக்கிறேன்.

கட்டைவிரல் தவிர ஒவ்வொரு விரலுக்கும் மடக்கும் தசைநாண்கள் இரண்டு. ஒன்று நடு மூட்டோடு நின்றுவிடும், மற்றது நுனிவரை போகும். நடு மூட்டை மறு கையால் நேராகப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் லேசாக மடக்குங்கள். பலம் கொடுக்க வேண்டாம். துளியும் அசையவில்லை என்றால் நுனிக்குப் போகும் தசைநாண் போய்விட்டது. நடு மூட்டு மட்டும் மடங்குவதால், விரல் மடங்குகிறதே என்று பலர் ஏமாந்துவிடுகிறார்கள். கையில் எந்த வெட்டுக்காயம் பட்டாலும், தையலுக்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்யும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

விரலின் அடிப்பகுதியில் இரண்டு தசைநாண்களும் ஒரே குறுகிய குழாய்க்குள் ஓடுகின்றன. அங்கே அறுந்தால் உடனே தைக்கவே கூடாது, ஒட்டிக்கொண்டுவிடும் என்று ஒரு காலத்தில் பாடம் நடத்தினார்கள். இன்று தைக்கிறோம், தைத்த சில நாட்களிலேயே பயிற்சியாளர் மேற்பார்வையில் அசைக்கவும் வைக்கிறோம். ஆனால் நாள் முக்கியம். அறுந்த முனை உள்ளங்கைப் பக்கம் பின்வாங்கிச் சுருங்கிக்கொண்டே போகும். மூன்று நான்கு வாரம் தாண்டினால் நேரடியாகத் தைப்பது கடினம். வேறிடத்துத் தசைநாணை எடுத்து ஒட்ட வேண்டிவரலாம், அதுவும் சில சமயம் இரண்டு கட்டமாக. ஒன்பதாம் நாளில் இருக்கிறீர்கள். நேரடியாகத் தைக்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு வசதி குறைவில்லை. வேலூர் சிஎம்சியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை 1940-களின் இறுதியிலேயே அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட் தசைநாண் மாற்றிச் சரிசெய்யத் தொடங்கினார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித்துறை இயங்குகிறது. பக்கத்து மருத்துவக் கல்லூரியில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருந்தாலும் போதும்.

தையல் போட்ட இடத்தில் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு நாளைக் காலையே கிளம்புங்கள். அதுவரை அந்த விரலால் எதையும் இறுக்கிப் பிடிக்காதீர்கள், குடத்தைத் தூக்காதீர்கள். சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.