மெக்கானிக்கல் முடித்த மகன் டிசைன் படிக்கப் போகிறேன் என்கிறான்: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் சார்.

பையன் மெக்கானிக்கல் முடித்துவிட்டு நல்ல கம்பெனியில் இருக்கிறான், திடீரென்று எம்.டெஸ். (டிசைன் முதுகலை) படிக்கணும் என்கிறான், அதற்கு சி.இ.இ.டி. என்று ஒரு நுழைவுத் தேர்வாம், வேலையை விட்டுவிட்டுத் தயாராகட்டுமா என்று கேட்கிறான், அவனுக்கோ சின்ன வயதிலிருந்தே படம் வரைய வராது, கோச்சிங் சென்டரில் கேட்கிற தொகையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். வேலையை விட வேண்டாம். கோச்சிங்குக்கு இப்போது பணம் கட்டவும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சி.இ.இ.டி. என்பது ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் தேர்வு. பம்பாய், டெல்லி, குவாஹாத்தி, ஹைதராபாத், கான்பூர் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் (ஐ.ஐ.எஸ்.சி.) டிசைன் முதுகலைப் படிப்புக்கு இந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கின்றன. வேறு சில நிறுவனங்களும் உண்டு. பிளஸ் டூவுக்குப் பிறகு மூன்று வருடமாவது படித்த பட்டமோ டிப்ளமோவோ இருந்தால் எழுதலாம். வயது வரம்பு கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் மதிப்பெண் அந்த ஒரு வருடத்துச் சேர்க்கைக்குத்தான் செல்லும். தேர்வு எழுதத் தகுதி இருப்பதாலேயே எல்லாப் படிப்புக்கும் தகுதி வந்துவிடாது, ஐ.ஐ.எஸ்.சி. போன்ற இடங்கள் பொறியியல், கட்டடக்கலை மாதிரியான பட்டங்களைத்தான் கேட்கும். உங்கள் பையனுக்கு அந்தக் கவலை இல்லை. என்.ஐ.டி. என்கிற தேசிய டிசைன் நிறுவனம் தனி. அதற்குத் தனி விண்ணப்பம், இரண்டு கட்டமாகத் தனித் தேர்வு. அகமதாபாத், காந்திநகர், பெங்களூரு என மூன்று வளாகங்களில் எம்.டெஸ். இருக்கிறது. ஃபேஷன் படிப்புகளுக்கான நிஃப்ட் நிறுவனத்தின் தேர்வும் வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ஒன்றுக்குப் போட்ட விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்து ஒரு வருடத்தைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

இனி தேர்வின் அமைப்பு. இதை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பணம் எங்கே வீணாகும் என்பது இதில்தான் இருக்கிறது. மொத்தம் மூன்று மணி நேரம். ஏ பகுதி ஒரு மணி நேரம், 150 மதிப்பெண், கணினியில் பதில் சொல்ல வேண்டும். பி பகுதி இரண்டு மணி நேரம், 100 மதிப்பெண். கேள்வி திரையில் வரும், பதிலைத் தாளில் கையால் வரைந்து எழுத வேண்டும். ஏ பகுதியில் கட்-ஆஃப் தாண்டினால்தான் பி பகுதித் தாளையே திருத்துவார்கள். இதைக் கேட்டதும் எல்லோரும் ஏ பகுதி மேல் விழுந்து பிராண்டுகிறார்கள். பொது அறிவுப் புத்தகம், லோகோக்களின் பட்டியல், எந்த நாற்காலியை யார் வடிவமைத்தார் என்று மனப்பாடம். ஆனால் இறுதி மதிப்பெண் கணக்கிடும்போது ஏ பகுதிக்கு 25 சதவீதம்தான், பி பகுதிக்கு 75. உள்ளே விடுவது ஏ, ரேங்க் போடுவது பி. கோச்சிங் விளம்பரங்கள் இந்த 75-ஐப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதைக் குறிப்பு அச்சடித்துக் கொடுத்துச் சொல்லித்தர முடியாது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஏ பகுதிக்கு உங்கள் பையன் பயப்பட வேண்டியதே இல்லை. ஒரு திண்மத்துக்கு எத்தனை முகங்கள், இந்த அட்டையை மடித்தால் எந்தப் பெட்டி வரும், இந்தப் பல்சக்கரம் வலப்பக்கம் சுற்றினால் கடைசிச் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும் என்கிற மாதிரிதான் நிறையக் கேள்விகள். முதல் வருடம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என்று டிராஃப்டரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருப்பானே, அது இங்கேதான் பலன் தரும். எண்ணாகவே விடை எழுதும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மதிப்பெண் கிடையாது, அவற்றை விடக் கூடாது. மற்றவற்றில் தவறுக்குக் கழிப்பார்கள். பழைய கேள்வித்தாள்கள் சி.இ.இ.டி. இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. வாரம் ஒன்றை, கடிகாரம் வைத்து, ஒரு மணி நேரத்தில் போடட்டும். ஏ பகுதிக்கு அவ்வளவு போதும்.

அப்புறம் அந்தப் பெரிய பயம்: படம் வராது. இங்கே ஓவியப் போட்டி நடக்கவில்லை சார். வரைதலைக் கையெழுத்து மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அழகாக இல்லாவிட்டாலும், எழுதியது என்ன என்று மற்றவர் தடுமாறாமல் படிக்க முடிந்தால் சரி. பி பகுதியில் ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண்: வரைதல், படைப்பாற்றல், வடிவ உணர்வு, காட்சி உணர்வு, சிக்கலைக் கண்டறிதல். ஆக, சுத்தமாக வரைதலுக்கென்று இருப்பது ஐந்தில் ஒன்று. அந்த ஒன்றிலும் நிழல் தீட்டுவதைவிட, எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைச் சரியாகப் பிடிப்பதற்குத்தான் மதிப்பு.

ஒரு மாதிரிக் கேள்வியை நானே சொல்கிறேன். ஒருவர் குனிந்து சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார், பக்கத்தில் ஒரு சிறுவன் நிற்கிறான். முதல் மாடி பால்கனியிலிருந்து பார்ப்பதுபோல் வரைக. பெரும்பாலானவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? எதிரே நின்று பார்க்கும் சைக்கிளை, இரண்டு வட்டச் சக்கரத்தோடு, நேராக வரைந்துவிட்டு, மேலே ஒரு பால்கனிக் கம்பியைச் சேர்ப்பார்கள். மாடியிலிருந்து பார்த்தால் சக்கரம் வட்டமாகத் தெரியாது, ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரியும். குனிந்தவரின் முதுகுதான் படத்தின் பெரிய பரப்பு, அவர் முகமே தெரியாது. பம்ப் குட்டையாகிவிடும். சிறுவனின் உச்சந்தலையும் தோளும் பெரிதாக, பாதங்கள் சின்னதாக. ஹேண்டில் பாரின் முழு அகலம் மட்டும் அப்படியே தெரியும். இதற்கு ஓவிய வரம் வேண்டாம், ஒரு நாள் மாடியிலிருந்து ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்திருந்தால் போதும். மூளை ‘சக்கரம் என்றால் வட்டம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும், கண் சொல்வதைக் கேட்டுக் கை வரைய வேண்டும். ஆறு மாதப் பயிற்சியில் பாதி இதற்கே போகும், போகட்டும்.

இதற்கு ஒரு சாதாரண நோட்டும் பென்சிலும் வேண்டும். டிராயிங் டேப்லெட் கேட்டால் வாங்கித் தராதீர்கள். தேர்வு தாளில்தான் நடக்கிறது, டேப்லெட்டில் ஒரே தட்டலில் அழித்துப் பழகிய கை தாளில் திணறும். தினமும் பஸ் ஸ்டாண்டிலோ டீக்கடையிலோ நிற்பவர்களை இரண்டிரண்டு நிமிடத்தில் கிறுக்கட்டும். ராத்திரி, அன்று பார்த்த ஒன்றை நினைவிலிருந்து வரையட்டும். வீட்டில் நீங்கள் பேப்பர் படிக்கும்போது அவன் எதிரே உட்கார்ந்து வரைந்தால் அசையாமல் பத்து நிமிடம் இருங்கள். அந்தப் படத்தைப் பார்த்து “இதுதான் நானா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

வரைதலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிக் கேள்வி, சிக்கலைக் கண்டறிதல். பொறியியல் பிள்ளைகள் இதில்தான் சறுக்குகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தீர்வு சொல்லியே பழக்கம். ரேஷன் கடை என்று ஒரு சூழலைக் கொடுத்தால் உடனே ஒரு ஆப், ஒரு சென்சார், ஒரு தானியங்கி இயந்திரம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். ‘கூட்டம் அதிகம், தாமதம் ஆகிறது’ என்று ஒரு வரி எழுதுவது சிக்கலைக் கண்டதாகாது. போய் அரை மணி நேரம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கைரேகை வைக்கும் கருவி விற்பனையாளர் பக்கம் இருக்கிறது, வரிசையில் வந்த பாட்டி கவுன்ட்டர் மேல் எக்கி விரலை நீட்டுகிறார். காலமெல்லாம் வேலை செய்து ரேகை தேய்ந்த விரல், கருவி ஏற்கவில்லை. விரலைத் துடைக்கச் சொல்கிறார்கள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் கார்டு, துடைக்க எந்தக் கை? கார்டை வாயில் கவ்விக்கொள்கிறார். எடைத் தட்டின் எண் கடைக்காரரைப் பார்த்தபடி இருக்கிறது, வாங்குபவருக்குத் தெரியவில்லை. பையின் வாயை ஒருவர் விரித்துப் பிடித்தால்தான் அரிசி உள்ளே விழும். தனியாக வந்தவர் பின்னால் நிற்பவரைக் கெஞ்ச வேண்டும். இப்படி யாருக்கு, எந்த நொடியில், உடம்பின் எந்த இடத்தில் இடைஞ்சல் என்று எழுதினால் அந்தப் பதிலுக்கு மதிப்பெண் தானாக வரும். இதை எந்தக் கோச்சிங் சென்டரிலும் ஏசி அறைக்குள் உட்கார்ந்து கற்க முடியாது.

வடிவ உணர்வுக்கும் ஒரு மாதிரிக் கேள்வி சொல்லிவிடுகிறேன். மின்விசிறி, விளக்கு, அழைப்பு மணி, தண்ணீர் மோட்டார் என நான்கு சுவிட்ச். இருட்டில் தடவினாலே எது எதென்று தெரிய வேண்டும். சுவிட்ச் மேல் மின்விசிறிப் படத்தைச் செதுக்குவது எல்லோருக்கும் முதலில் தோன்றும், அதனால் அது பலவீனமான பதில். மோட்டாரைத் தெரியாமல் தட்டிவிட்டால் தொட்டி வழியும். ஆகவே அது அழுத்த முடியாமல், பிடித்துத் தூக்கினால் மட்டும் இயங்க வேண்டும். மணி, விரல் நுனி தானே போய் உட்காரும் குழியாக, அழுத்தியதும் மீண்டு வருவதாக இருக்கலாம். செயலுக்கும் வடிவத்துக்கும் இருக்கும் இந்த உறவை யோசிக்கிற பழக்கம் மெக்கானிக்கல்காரனுக்குச் சீக்கிரம் வரும்.

காட்சி உணர்வு என்பது எழுத்து, இடைவெளி, குறியீடு, வண்ணம் இவற்றின் ஒழுங்கு. தெருவில் ஒட்டிய போஸ்டர்களில் எதை முதலில் கண் படிக்கிறது, ஏன் என்று தினமும் ஒன்றைக் குறித்துக்கொண்டால் போதும். படைப்பாற்றலுக்கு ஒரே யோசனையை ஐந்து விதமாக எழுதாமல், ஐந்து வேறு யோசனைகள். அவ்வளவுதான்.

நேரக் கணக்கு மட்டும் கறாராக இருக்க வேண்டும். ஐந்து கேள்விக்கு இரண்டு மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் 24 நிமிடம். முதல் படத்தை மெருகேற்றிக்கொண்டே இருந்து கடைசிக் கேள்வியை வெறும் தாளாக விட்டுவருவது ரொம்ப சகஜம். பயிற்சியிலேயே 24 நிமிடம் ஆனதும் பென்சிலைப் பிடுங்கிவிடுங்கள். இந்த வேலைக்கு அப்பாவைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

சரி, வேலையை ஏன் விடக் கூடாது? வழக்கமாக அக்டோபரில் விண்ணப்பம் தொடங்கும், ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வு, மார்ச்சில் முடிவு. இதற்கு முழுநாளும் உட்கார்ந்து படிக்க எதுவும் இல்லை. காலையில் ஒரு மணி நேரம், சனி ஞாயிறு கொஞ்சம் கூடுதலாக, மற்ற நேரம் போகிற வருகிற இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பது. தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தாலும் இடம் உறுதியில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனியாக விண்ணப்பம் வாங்கி, போர்ட்ஃபோலியோ (தான் செய்த வேலைகளின் தொகுப்பு) பார்த்து, தனித் தேர்வோ நேர்காணலோ வைத்துத்தான் எடுக்கும். இடங்களும் குறைவு. முதல் முறை கிடைக்காமல் போனால், சம்பளம் வந்துகொண்டிருக்கிற பையன் அடுத்த ஜனவரிக்கு நிதானமாகத் தயாராவான். வேலையை விட்டவன் வீட்டில் ஒவ்வொரு சாப்பாட்டு வேளையும் ஒரு விசாரணை கமிஷனாகிவிடும், உங்களுக்கே தெரியும்.

போர்ட்ஃபோலியோவுக்கும் வேலை உதவும். கோபுர ஓவியத்தைப் பார்த்துக் காப்பியடித்த படங்களைக் கொண்டுபோவதில் பயனில்லை. தொழிற்சாலையில் ஒரு ஃபிக்ஸ்சரை (பாகத்தை அசையாமல் பிடித்து வைக்கும் சாதனம்) ஆபரேட்டர் எப்படித் தவறாகப் பிடிக்கிறார், அதைப் பார்த்துத் தான் என்ன மாற்றம் யோசித்தான், முதல் யோசனை ஏன் சரிப்படவில்லை என்று நாலு பக்கத்தில் கிறுக்கல்களோடு காட்டினால் நேர்காணலில் அதைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசுவார்கள். கம்பெனியின் ரகசிய வரைபடங்களை மட்டும் அதில் சேர்க்கக் கூடாது.

கோச்சிங் முற்றிலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நவம்பர், டிசம்பரில், கையால் வரைந்த பதில்களைத் திருத்தி, ஏன் மதிப்பெண் குறைந்தது என்று எழுதித் தரும் மாதிரித் தேர்வுத் தொகுப்பு ஏதாவது கிடைத்தால் அதற்கு மட்டும் கட்டுங்கள். ‘மனித உருவம் இப்படித்தான்’ என்று ஒரே அச்சில் வார்த்துத் தரும் இடத்துக்குப் போனால் பையனின் பதில் அங்கே படித்த எல்லோருடைய பதிலையும் போலவே இருக்கும். டிசைன் ஆசிரியர்கள் அதை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாகனம், மருத்துவக் கருவி, வீட்டு உபயோகப் பொருள், மென்பொருள் என்று எல்லாத் துறையிலும் டிசைனர்களை எடுக்கிறார்கள். மெக்கானிக்கல் பின்னணி இருந்தால் தயாரிப்பு வடிவமைப்பில் கூடுதல் பலம். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சம்பளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று எழுதியிருந்தீர்கள். நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா, வருமானம் கிரீமி லேயர் வரம்பை (வசதி மிகுந்தவர் என்று ஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் வரம்பு) தாண்டாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். எந்தத் தேதிக்குப் பிறகு வழங்கிய சான்றிதழ் செல்லும் என்று அந்த வருடத்துத் தகவல் கையேட்டில் போட்டிருப்பார்கள், பழையது இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கையேடு வெளியானதும் தேதியைப் பார்த்துக்கொண்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். தாலுகா ஆபீஸில் அது நகரும் வேகம் நமக்குத் தெரிந்ததுதானே, விண்ணப்பக் கடைசி நாள் வரை தள்ளிப்போட வேண்டாம்.