ஆங்கிலக் கூட்டுப் பெயரடைகள்: கேள்வி பதில்

திருத்துறைப்பூண்டி விவசாயி ஒருவர்: விதை நெல் கையேட்டில் 'ஃப்ளட்-டாலரன்ட்' என்று இருப்பதாக மகள் படித்துக் காட்டினாள். வெள்ளம் வந்தாலும் பயிருக்குச் சேதமே வராது என்று இதற்குப் பொருளா?

பொருள் அதுவன்று, ஐயா. 'டாலரன்ட்' என்றால் ஓர் எல்லை வரை தாங்கிக்கொள்வது. சி.ஆர். 1009 சப் 1 போன்ற நெல் ரகங்கள் ஏறக்குறைய இரண்டு வாரம் நீரில் மூழ்கிக் கிடந்தாலும், நீர் வடிந்தபின் மீண்டும் தழைக்கக்கூடியவை. அதற்கு மேலும் நீர் நின்றால் பயிர் அழுகிவிடும். 'ரெசிஸ்டன்ட்' என்பதும் எல்லைக்குட்பட்ட எதிர்ப்புதான். 'ப்ரூஃப்' ஒன்றுதான் அறவே புகவிடாது என்று உறுதி சொல்கிறது. 'வாட்டர்-ரெசிஸ்டன்ட்' என்று எழுதிய கைக்கடிகாரம் மழைத் தூறலைத் தாங்கும் என்பதை நம்பி, அதைக் கட்டிக்கொண்டே காவிரியில் முங்கிக் குளிக்கக் கூடாது. 'ப்ரோன்' இவற்றுக்கு நேர் எதிர்: 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த வேதாரண்யம் பகுதியைப் போல, அடிக்கடி புயலுக்கு உள்ளாகும் இடமே 'சைக்ளோன்-ப்ரோன்'. முன்சொல்லை மட்டும் பார்த்துப் பொருள் கொள்ளாதீர்கள். கடைசித் துண்டுதான் பொருளைத் தீர்மானிக்கிறது.

கும்பகோணம் மாணவி: 'டியூட்டி-ஃப்ரீ' கடையில் பொருள்கள் இலவசமா?

இல்லை அம்மா. தனியே நிற்கும் 'ஃப்ரீ' இலவசத்தைக் குறிக்கலாம். பின்னொட்டாக வரும்போது 'இல்லாத' என்றே பொருள். அந்தக் கடையில் சுங்கவரி மட்டுமே இல்லை, விலை உண்டு.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: 'லெஸ்', 'ஃப்ரீ' இரண்டுக்கும் தமிழில் 'அற்ற' என்று சொன்னாலே போதுமே, பிள்ளைகளைக் குழப்புவானேன்?

இதை நான் ஏற்கவில்லை, ஐயா. என் மாணவி ஒருத்தி, திருவையாற்றில் பாட்டி வீட்டில் கழித்த கோடை விடுமுறையைக் கட்டுரையில் 'கேர்லெஸ்' நாள்கள் என்று எழுதியிருந்தாள். படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு மாலை முழுதும் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் சொல்ல விரும்பியது கவலையற்ற நாள்களை, அதாவது 'கேர்ஃப்ரீ' நாள்களை. தாளில் விழுந்ததோ கவனக்குறைவான நாள்கள். 'கேர்' என்ற சொல்லுக்குக் கவனம், கவலை என இரு பொருள் உண்டு. 'லெஸ்' முதலாவதையும் 'ஃப்ரீ' இரண்டாவதையும் எடுத்துக்கொண்டன. 'சைல்ட்லெஸ்' என்பது குழந்தை இல்லை என்று மட்டும் சொல்லும். 'சைல்ட்-ஃப்ரீ' என்பது வேண்டாமென்று தாமே முடிவெடுத்ததைச் சொல்லும். ஒருவரைப் பற்றி எழுதும்போது இரண்டையும் மாற்றிப் போட்டால் அவர் மனம் புண்படும்.

அதே ஆசிரியர்: அப்படியானால் 'பெயின்லெஸ்', 'ஹார்ம்லெஸ்' எல்லாம் வேண்டாத ஒன்று நீங்கியதைத்தானே சொல்கின்றன?

உண்மைதான், 'லெஸ்' குறையை மட்டுமே காட்டும் என்று விதி வகுக்க முடியாது, அது வெறும் இன்மையைச் சொல்கிறது. 'ஃப்ரீ' வேண்டாததிலிருந்து விடுபட்டதைச் சொல்கிறது. வலி தராத ஊசியைப் 'பெயின்லெஸ்' என்பதும், வலி நீங்கிய நோயாளியைப் 'பெயின்-ஃப்ரீ' என்பதும் அதனால்தான். ஆகவே இரண்டையும் 'அற்ற' என்ற ஒரே பெட்டிக்குள் போடுவதை இன்னமும் மறுக்கிறேன்.

மூவர்: இணைப்புக்கோடு எப்போது இட வேண்டும்?

மூன்று பேரும் கேட்டது ஒன்றே என்பதால் ஒரே பதில் தருகிறேன். பெயர்ச்சொல்லுக்கு முன் வந்தால் பெரும்பாலும் இடுங்கள். 'லெஸ்' பெரும்பாலும் முன்சொல்லோடு ஒட்டியே வரும். 'போன்ற' என்னும் பொருள் தரும் 'லைக்' ஒட்டுக்கு முன்னுள்ள சொல் இரட்டை எல் எழுத்தில் முடிந்தால், 'பெல்-லைக்' போல, கோடு கட்டாயம். மற்றவற்றுக்கு நல்ல அகராதியைப் பாருங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: சென்னை செல்லும் ரயிலைச் 'சென்னை-பௌண்ட்' என்கிறார்கள், பனியில் சிக்கியவரைச் 'ஸ்னோபௌண்ட்' என்கிறார்கள். ஒரே ஒட்டு எப்படிப் போவதையும் கட்டுண்டு கிடப்பதையும் குறிக்கும்?

அருமையான கேள்வி. ஒலிப்பில் ஒன்றானாலும் அவை வேறு வேறு சொற்கள். கட்டுண்ட 'பௌண்ட்', 'கட்டு' என்னும் பொருளுடைய 'பைண்ட்' வினையிலிருந்து வந்தது. புறப்படும் 'பௌண்ட்' பழைய நார்ஸ் மொழியில் 'ஆயத்தமான' என்னும் பொருள் தந்த சொல்லிலிருந்து வந்தது. ஊரோ திசையோ முன்னே நின்றால் பயணம். பனி, மூடுபனி, படுக்கை போல ஆளை நகரவிடாதது நின்றால் கட்டு.