கொள்ளுப்பாட்டியின் அம்மா யார்? மகளோடு சேர்ந்து தேடுவது எப்படி?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னதிலிருந்து, ‘கொள்ளுப்பாட்டியோட அம்மா யாரு?’ என்று நச்சரிக்கிறாள். எனக்கே தெரியாது. எங்கே தொடங்குவது?

பதில்: இணையத்தை அப்புறம் பார்க்கலாம். எந்தத் தளமானாலும் எடுத்த எடுப்பில் பெயர், ஆண்டு, ஊர் என்றுதான் கேட்கும். அதெல்லாம் வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கிறது. ஆவணங்களை அடுத்த வருடமும் தேடலாம். வீட்டில் மூத்தவர் யாரோ, அவரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.

கேள்வி கேட்கும் வேலையை மகளிடமே விடுங்கள். ‘எப்போது பிறந்தீங்க?’ என்று ஆரம்பித்தால் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். ‘என் வயசில ராத்திரி யார் பக்கத்தில படுத்துப்பீங்க?’ என்று கேட்கச் சொல்லுங்கள். அக்கா, சித்தி, சிறு வயதிலேயே இறந்துபோன தம்பி என்று எந்தப் படிவத்திலும் இல்லாத ஆட்கள் வரிசையாக வருவார்கள். பழைய புகைப்படம் இருந்தால் இன்னும் நல்லது: எடுத்தது யார், இதில் இல்லாதவர் யார், ஏன் இல்லை? வருடம் ஞாபகமில்லை என்றால் ‘உங்க கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?’ போதும். அனுமதி கேட்டுக்கொண்டு போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். அவர் ஒரு பேச்சைத் தவிர்த்தால் விட்டுவிட வேண்டும் என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எழுதி வைக்க ஒரு எண் முறை உண்டு. 1590-இலேயே மைக்கேல் ஐட்சிங்கர் என்பவர் பயன்படுத்தியது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி. மகள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா, அதோடு ஒன்றைக் கூட்டினால் அம்மா. ஆக, அம்மாவின் அம்மா 7, அவருடைய அம்மா 15. அம்மா வழியில் உங்கள் மகள் தேடுகிறவர் 31-ஆம் எண். அந்தத் தலைமுறையில் மட்டும் 16 பேர்! காலியாக இருக்கும் எண்களே அவளை அடுத்த கேள்விக்கு இழுத்துப்போகும்.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் ‘சொன்னது யார்’ என்று எழுதவேண்டும். பெரியப்பா ஒன்று சொல்லி அத்தை வேறொன்று சொன்னால் இரண்டையும் எழுதட்டும். நீங்கள் நடுவில் புகுந்து தீர்ப்பு சொல்லாதீர்கள்.

அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் இருவரும் குடும்பக் கதை பற்றிய 20 கேள்விகளை வைத்துக் குழந்தைகளிடம் ஆராய்ந்தார்கள். குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் அதிகமாக இருந்தது. அதற்காகப் பெயர்களை மனப்பாடம் செய்யவைத்துவிடாதீர்கள். உட்கார்ந்து கதை பேசுவதில்தான் விஷயம் இருக்கிறது என்பது அவர்கள் கருத்து.

தத்தெடுப்போ, பெற்றோர் பிரிவோ இருந்தால் ஒற்றை மரத்தில் எல்லாரையும் திணிக்க வேண்டாம். இரண்டு தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு முன்னோர்களைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் (FamilySearch) போன்ற இலவசத் தளத்துக்குப் போகலாம். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியை மட்டும் பொதுவில் போடாதீர்கள்.