கேளுங்கள் அக்கா: கரும்புத் தோட்டத்தில் தீ, அணைக்க யார் பணம் தருவார்?

கேள்வி: அக்கா, நாங்கள் ஸ்டேங்கரிலிருந்து உள்ளே போகும் மேட்டுப் பக்கம் சிறு கரும்புத் தோட்டக்காரர்கள். போன குளிர்காலத்தில் பக்கத்து நிலத்தில் கிளம்பிய தீ, மலைப்பக்கத்திலிருந்து இறங்கும் வறண்ட பெர்க் காற்றில் தாவி வந்து இரண்டு குடும்பத்துக் கரும்பை எரித்துவிட்டது. முனிசிபல் வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது எங்கள் பையன்கள் சேர்ந்து ஒரு தீயணைப்பு அணி தொடங்கியிருக்கிறார்கள். ஒரு பழைய பக்கி (பின்னால் சாமான் ஏற்றும் சிறு வண்டி), தீயை அடித்து அணைக்கக் கொஞ்சம் ரப்பர் அடிப்பான்கள், இவ்வளவுதான் கையில் உண்டு. என் மச்சான் மகன் அமெரிக்காவில் ஒரு கிராமத்துத் தன்னார்வ அணியில் இருக்கிறான். அவர்களுக்கு அரசு மானியத்தில் உடையும் ரேடியோவும் கிடைத்ததாம். அந்தப் பணம் நமக்கும் கிடைக்குமா? ஒரு தீயணைப்பு வண்டி வாங்க ஆசைப்படுகிறோம்.
– வாசகர், ஸ்டேங்கர், தென்னாப்பிரிக்கா

பதில்: தம்பி, முதலில் உங்கள் பையன்களுக்கு என் வணக்கம். சம்பளம் இல்லாமல் தீக்கு முன்னால் போய் நிற்கிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் எவ்வளவு இடம் கொடுத்தாலும் தகும்.

மச்சான் மகன் சொன்னது உண்மைதான். அமெரிக்காவில் ஃபீமா என்ற மத்தியப் பேரிடர் அமைப்பு 2001 முதல் தீயணைப்பு அணிகளுக்கு மானியம் தருகிறது. 20,000 பேர் வரை உள்ள ஊர் என்றால் அணி தன் பங்காக 5 சதவீதம் போட்டால் போதும். இது தவிர, 10,000 பேருக்குள் உள்ள ஊர்களின் தன்னார்வ அணிகளுக்கென்று வனத்துறையின் உதவி ஒன்றும் உண்டு. அதில் பாதிச் செலவு அணியுடையது. ஆனால் இரண்டும் அந்த நாட்டு அணிகளுக்கு மட்டும்தான். நாம் இங்கிருந்து விண்ணப்பிக்க வழியில்லை.

நம் நாட்டில் தன்னார்வ அணிக்கு நேரே பணம் தரும் அப்படி ஒரு தேசிய மானியம் கிடையாது. தீயணைப்பு என்பது அரசியலமைப்பின்படி உள்ளாட்சியின் பொறுப்பு. உங்களுக்கு அது குவாடுகுசா முனிசிபாலிட்டி, அதற்கு மேல் இலெம்பே மாவட்டம். ஆகவே பணத்துக்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் ஆள் முனிசிபாலிட்டியின் தலைமைத் தீயணைப்பு அதிகாரி. “எங்களிடம் இத்தனை பேர், இன்ன சாமான் இருக்கிறது. தீ பிடித்தால் யார் யாருக்குச் சொல்வது, யார் உத்தரவில் நிற்பது?” என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் ஓர் அணி தீக்குள் போனால் அந்தப் பையன்களுக்கே ஆபத்து.

அதைவிட முக்கியமானது, தீப் பாதுகாப்புச் சங்கம். எல்லாரும் எஃப்.பி.ஏ. என்றுதான் சொல்கிறார்கள். 1998-இன் 101ஆம் எண் புல்வெளி, காட்டுத் தீச் சட்டத்தில் நில உரிமையாளர்கள் இந்தச் சங்கத்தை அமைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். குவாசூலு-நட்டாலில் மாகாண அளவில் ஒரு தலைமைச் சங்கமே உண்டு, அவர்களிடம் உங்கள் பகுதிச் சங்கம் எது என்று கேட்கலாம். உங்களில் சிலர் “லெவி (சங்கத்துக்கான கட்டணம்) கட்டச் சொல்வார்கள், எதற்கு வம்பு” என்று விலகியே இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு அந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவைச் சொல்லுங்கள். உங்கள் நிலத்தில் தொடங்கிய தீயோ, உங்கள் நிலத்தைத் தாண்டிப் போன தீயோ இன்னொருவருக்கு நஷ்டம் உண்டாக்கி, அவர் வழக்குப் போட்டால், நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்கள் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில். அந்தப் பகுதிச் சங்கத்தில் நீங்கள் உறுப்பினராக இருந்தால் இந்த அனுமானம் உங்கள் மேல் விழாது. பத்து ஏக்கர் கரும்பை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஒரே ஒரு வழக்கு போதும், நிலமே போய்விடும். லெவியை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

அந்தச் சட்டமே இன்னொன்றும் சொல்கிறது. தீ பிடிக்கக்கூடிய நிலத்தின் உரிமையாளர் தீ தாவாதபடி செடி கொடி அகற்றிய தீத்தடுப்புப் பட்டை வெட்டி வைக்க வேண்டும், அணைக்கச் சாமானும் பாதுகாப்பு உடையும் பயிற்சி பெற்ற ஆட்களும் வைத்திருக்க வேண்டும். அதாவது உங்கள் பையன்கள் செய்வது பக்கத்துத் தோட்டங்களின் கடமையிலும் ஒரு பங்கு. அதனால் பெரிய தோட்டக்காரர்கள், மில், காட்டுக் கம்பெனி, இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று கேட்கப் போகும்போது கூனிக் குறுகி நிற்க வேண்டாம்.

பணம் வாங்க வேண்டுமானால் அணிக்கு ஒரு சட்ட உருவம் வேண்டும். சமூக மேம்பாட்டுத் துறையில் என்.பி.ஓ.வாக, அதாவது லாப நோக்கற்ற அமைப்பாகப் பதியுங்கள். கட்டணம் இல்லை. சங்க விதி, பொறுப்பாளர்கள் பட்டியல் இருந்தால் தொடங்கலாம். பதிந்த பிறகு நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் வருடாந்திர அறிக்கை அனுப்ப வேண்டும், இதை விட்டுவிட்டுப் பதிவை இழந்த நல்ல சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து சார்ஸ் என்ற வரித்துறையில் பொதுநல அமைப்பு என்ற அங்கீகாரம், அதோடு 18ஏ ரசீது கொடுக்கும் உரிமை. அந்த ரசீதை வைத்து நன்கொடையாளர் தன் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். கம்பெனிக்காரர் முதலில் கேட்பதே அந்த ரசீது உண்டா என்றுதான். லாட்டரி ஆணையத்துக்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்குக் கணக்கறிக்கை ஒழுங்காக இருக்க வேண்டும், பொறுமையும் வேண்டும்.

நான் விண்ணப்பம் எழுதியும் இருக்கிறேன், விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் குழுவில் உட்கார்ந்தும் இருக்கிறேன். “எங்களுக்கு மிகவும் தேவை” என்ற வரி எல்லாக் கடிதத்திலும் இருக்கும். கையை நிறுத்தி யோசிக்க வைப்பது நோட்டுப் புத்தகம்தான். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு அழைப்பு, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை ஹெக்டேர் எரிந்தது, எவ்வளவு தண்ணீர் செலவானது, யார் யார் போனார்கள். ஒரு பையனை இதற்கென்றே வையுங்கள். அமெரிக்காவில் அந்த விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடுவதே தீயணைப்புத் துறை ஆட்கள்தான். அவர்கள் முன் அலங்கார வார்த்தை செல்லாது.

வண்டி விஷயம். இதில் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை, தம்பி. முதல் பணம் பையன்கள் உடம்புக்குப் போகட்டும். தீ தாங்கும் சட்டை, காற்சட்டை, தோல் பூட்ஸ், தோல் கையுறை, கண்ணாடி, தொப்பி. நைலான் டிராக்சூட்டோடு யாரையும் தீப்பக்கம் விடாதீர்கள், அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து அடிப்படைப் பயிற்சி, ரேடியோ, விபத்துக் காப்பீடு. சம்பளம் வாங்காதவர் என்பதால் வேலையாள் இழப்பீட்டுச் சட்டத்தை நம்பி இருக்க முடியாது. அதன் பிறகு ஒரு பக்கி-சக்கி, அதாவது பக்கியின் பின்னால் ஏற்றும் டேங்க், பம்ப், ஹோஸ். 500 லிட்டர் தண்ணீர் என்றால் அதுவே 500 கிலோ. அரை டன் பக்கியில் ஏற்றிக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறக் கூடாது. பெரிய வண்டி இலவசமாகவே வந்தாலும், 3,500 கிலோவுக்கு மேல் என்றால் சி1 லைசென்ஸ் உள்ள ஓட்டுநர் வேண்டும். பம்பு பழுதானால் உதிரிபாகச் செலவு யார் தலையில் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: என் மகன் தீயணைப்பில் சேர ஆசைப்படுகிறான். இருபது வயது, வேலை இல்லை. தன்னார்வ அணியில் காசு வருமா அக்கா?
– ஓர் அம்மா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: தன்னார்வ அணியில் வராது, அம்மா. வெஸ்டர்ன் கேப்பில் 2000 ஜனவரியில் டேபிள் மலைப் பக்கம் பெரும் தீ வந்த பிறகு வளர்ந்த தன்னார்வக் காட்டுத்தீ அணி இன்றும் நன்கொடையில்தான் ஓடுகிறது. மகனுக்கு வருமானம் வேண்டும் என்றால் ‘வொர்க்கிங் ஆன் ஃபயர்’ பற்றி விசாரியுங்கள். 2003-இல் தொடங்கிய அரசுத் திட்டம். வேலை இல்லாத இளைஞர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, படியும் கொடுக்கிறார்கள். உடல் தகுதி நன்றாக இருக்க வேண்டும், இன்றே ஓடிப் பழகச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்குத் தண்ணீர் டேங்கும் தீயணைப்பு நிலையமும் கேட்டால், கவுன்சிலர் “ஐ.டி.பி.யில் வரட்டும்” என்கிறார். தட்டிக் கழிக்கிறாரா?
– வாசகர், உம்சிண்டோ

பதில்: தட்டிக் கழிப்பதாகவும் இருக்கலாம், ஆனால் அந்த வழி உண்மையானது. ஐ.டி.பி. என்பது முனிசிபாலிட்டியின் ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டம், வருடா வருடம் திருத்துவார்கள். முனிசிபல் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட்டை அதற்கு 90 நாள் முன்னால், அதாவது மார்ச் முடிவதற்குள் சபையில் வைத்தாக வேண்டும். பிறகு மக்கள் கருத்துக் கேட்பார்கள். ஏப்ரல், மே வார்டு கூட்டங்களுக்குக் கூட்டமாகப் போங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரை போட்ட நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.